பிளஸ் டூவுக்குப் பொட்டு வைத்த விசாலாட்சி அக்கா

உளுந்தூர்பேட்டையில் பெண் பார்க்கப் போன வீட்டில், வாழைக்காய் பஜ்ஜியைக் கையில் எடுத்த நேரத்தில்தான் அந்த போன் வந்தது. விசாலாட்சி அக்காவின் தம்பி பேசினார். "தரகரே, அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

நல்ல காரியம் நடக்கிற வீட்டில் சாவுச் செய்தியைச் சொல்லக் கூடாது. பெண்ணின் தகப்பனார் என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க ஆச்சு?" என்று பதறினார். "மொளகா கடிச்சிட்டேங்க" என்றேன். வாழைக்காய் பஜ்ஜியில் ஏது மிளகாய் என்று அவர் யோசிப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருக்கும் எங்கள் திருமணத் தகவல் மையத்துக்கு வந்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். வராதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த மையத்தில் நான் வாய், அக்கா விரல். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்துத்தான். 'சுற்றமும் நட்பும் சூழ' என்பது மட்டும் தப்பில்லாமல் எழுத வரும். மற்றதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மையத்துக்கு வருவதற்கு முன்பு பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் டைப்ரைட்டர் அடித்துக்கொண்டிருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஊருக்கெல்லாம் பாக்குறோமே, உங்களுக்கு ஒண்ணு பாக்கட்டுமாக்கா?" என்று அடிக்கடி சீண்டுவேன். "தாராளமா பாருப்பா. மாப்ள உன்ன மாதிரி பேசக் கூடாது, அது ஒண்ணுதான் கண்டிஷன்" என்பார்.

மையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் டைப்ரைட்டர் மாதிரியேதான் நடத்தினார். கண் தாளில் இருக்கும், விரல் கட்டையில் ஓடும். அடித்தது அடித்தபடி நிற்கும் என்று நம்பிக்கை. எக்ஸெல் கட்டமோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற சாதி இல்லை. கதவு எண் 3/5 என்று அடித்தால் மே மாதம் மூன்றாம் தேதி ஆக்கிவிடும். "அக்கா, நான் பேசி முடிக்கறதுக்குள்ள இவன் முகூர்த்தமே குறிச்சிட்டான்" என்றேன். இன்னொரு நாள் செவ்வாய் தோஷம் என்கிற இடத்தில், முன்னால் ஒரு கோடு போட்டு '-இல்லை' என்று அடித்தார். அதற்குப் பதிலாக ஆங்கிலத்தில் 'பெயர்?' என்று கேள்விக்குறியோடு வந்து நின்றது. "தோஷம் இல்லன்னாலும் நம்ப மாட்டேங்கறான், பேரு இன்னான்னு கேக்குறான். மாமியாருக்கு மேல இருக்கான்க்கா!" அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் கண்ணில் பட்டன, திருத்தினோம். படாமல் போனது படிப்புக் கட்டம். +2 என்று அடித்தால், முன்னால் கூட்டல் குறி இருப்பதால் அது ஏதோ கணக்கு என்று நினைத்து, கூட்டிப் பார்த்து வெறும் 2 என்று காட்டிவிடும். 2 பார்க்க ஒழுங்கான எண்தானே, யாருக்கு உறுத்தும்?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துச் செண்பகத்துக்கு உறுத்தியது. அதே மலையில் இன்னொரு ஊரில், குமார் என்கிற பையனுக்கு அவளைப் பேசி ஏறக்குறைய முடித்திருந்தேன். குமாரின் அம்மா நாங்கள் கொடுத்த பெண்ணின் விவரத் தாளை யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது படிச்ச பொண்ணு எங்களுக்கு வேணாம்" என்று சொல்லியனுப்பிவிட்டார். மலையில் பேச்சு பஸ்ஸை விட வேகமாகப் போகும். மறுநாளே செண்பகம் இறங்கி வந்து எங்கள் மாடியேறினாள்.

"அண்ணே, ஹாஸ்டல்ல கெடந்து பன்னெண்டாவது முடிச்சேன். எங்க ஊர்ல எனக்கு முன்னாடி ஒரு பொண்ணும் அது வரைக்கும் படிச்சதில்ல. அதுல பத்து வருசத்த எங்க வெச்சிருக்கீங்க? எடுத்துக் குடுங்க."

நான் வழக்கம்போல, "வுடும்மா, ரெண்டாவது படிச்ச எனக்கே கல்யாணம் ஆயிடுச்சு" என்று ஆரம்பித்தேன்.

"சம்பந்தம் போனா போவுது அண்ணே. படிக்காத புள்ள, பொய் சொல்லிக்கினு திரிஞ்சிருக்குதுன்னு ஊரே பேசுது. அத யாரு அழிக்கறது?"

"தம்பி, வாய மூடு" என்றார் அக்கா. என்னை அவர் அப்படிச் சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான். செண்பகத்தை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சேலத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தன் தங்கைக்கு போன் போட்டார். கூட்டல் குறிக்கு முன்னால், மேலே தொங்குகிற ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டுவிட்டு அடித்தால் போதுமாம். எழுத்து என்று எடுத்துக்கொள்ளும், கணக்குப் போடாது. போட்டார். +2 என்று அப்படியே நின்றது. அந்தக் குறி மட்டும் கட்டத்தில் தெரியவே இல்லை.

"எங்கக்கா அது, காணோம்?" என்றேன்.

"திருஷ்டிப் பொட்டுப்பா. கொழந்தைக்கு உள்ளங்கால்ல வெக்கறதில்ல? வெளிய தெரியாது, கண்ணும் படாது."

அன்று எல்லாப் பிளஸ் டூவுக்கும் பொட்டு வைத்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தார். புதுத் தாளைக் குமார் வீட்டுக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிடலாம் என்றேன். "நம்ம தாளால போன பேரு. நாம நேர்ல போனாத்தான் திரும்பும், கெளம்பு" என்றார். மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு எனக்கு வயிற்றைப் புரட்டியது. அக்கா வழி முழுக்க ஒரு எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் அமுக்கிக்கொண்டே வந்தார். "பேச்சக் கொறைச்சா வாந்தியும் கொறையும்" என்று வைத்தியமும் சொன்னார்.

குமார் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் காதில் விழுகிற மாதிரி உரக்கவே பேசினார்.

"தப்பு பொண்ணு மேல இல்லம்மா, என் வெரலு மேல. பன்னெண்டாவத நான்தான் ரெண்டாவதுன்னு ஆக்கிட்டேன்."

குமாரின் அம்மா நம்பவில்லை. "கம்பூட்டரு பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லல. சொன்னத எழுதிக்கன்னு அதுங்கிட்ட சொல்லாம வுட்டுட்டேன், அதுவா ஒரு கணக்குப் போட்டுக்கிச்சு. நாமளுந்தான் போடறோம், ஒரு ஆளப் பாத்த ஒடனே."

அந்த அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "சரி. அந்தப் பொண்ணுக்கு இன்னும் இஷ்டம் இருக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அங்கிருந்து நேராகச் செண்பகத்தின் வீட்டுக்குப் போனோம். "மாப்ள இன்னா படிச்சிருக்காரு?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"பத்தாவதும்மா" என்று இழுத்தேன்.

"அப்படிப் போடுங்க! எங்கிட்ட எடுத்த பத்த அவருக்குக் குடுத்துட்டீங்களா?"

வீடே சிரித்தது. அக்கா சிரித்து முடிப்பதற்குள் கீழே இறங்கும் பஸ் போய்விட்டது. கல்யாணத்தில் முதல் பந்தியில் அக்காவை உட்கார வைத்துக் குமாரின் அம்மாவே பரிமாறினார்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவரவரைப் பற்றி அடித்ததை அவரவரே திரையில் பார்த்து, சரி என்று சொன்னால்தான் வீட்டுக்கு விடுவார். "உன்னப் பத்தி எழுதியிருக்கறது நீதானான்னு பாத்துக்கோ" என்பார்.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லையே, சாவுக்கு எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று அவர் தம்பி கவலைப்பட்டார். சின்னசேலத்திலிருந்தும் மலையிலிருந்தும் ஜோடி ஜோடியாக வந்து தெருவை அடைத்துவிட்டார்கள். அழுகையோடு அழுகையாக, "இந்த ஆளத்தான் எனக்குப் பாத்து வெச்சியாக்கா" என்று அக்காவிடம் கடைசியாகப் புருஷனைப் பற்றிப் புகார் சொன்னவர்களும் உண்டு. குமார் பாடைக்குத் தோள் கொடுத்தார்.

பெண்கள் பக்கம் குமாரின் அம்மா மூக்கைச் சிந்தியபடி பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம் மருமவ பன்னெண்டாவது. எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு சொன்ன மகராசி இது."

பக்கத்தில் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மருமவளுக்குத் தங்கச்சி எதுனா இருக்குதா? எம் பையனுக்குப் பாத்துக்கினு இருக்கேன்" என்றார்.

"இருக்குது. நர்சுக்குப் படிக்குது."

"சாவு வூட்டுல இன்னாடி பேச்சு இது?" என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். மேளம் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா பூவுக்குள் போய்க்கொண்டிருந்தார்.

போய் வாருங்கள் அக்கா. இங்கே இரண்டு அம்மாக்களும் பேச்சை ஆரம்பித்துவிட்டார்கள். இதை முடித்துவிட்டு நான் மெதுவாக வருகிறேன்.