சத்தம் அடங்கிய நெஞ்சு

ஒரு குழந்தையைச் சாகவிட்டேன். பழியை அதன் தாயின் தலையில் போட்டேன். இரண்டாவதைத்தான் இத்தனை காலம் யாரிடமும் சொல்லவில்லை.

எண்பதுகளில் கம்பைநல்லூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவன். பனிக்காலத்தில் மூச்சிழுப்பு வந்த பிள்ளைகளால் காலையிலேயே வராந்தா நிறைந்துவிடும். நான் நாற்காலியை விட்டு எழ மாட்டேன். எந்தப் பிள்ளையின் நெஞ்சு உரக்க விசிலடிக்கிறதோ அதற்கு முதல் ஊசி. காதாலேயே தரம் பிரிக்கிறேன் என்று பெருமை வேறு!

அன்று ஸ்டெல்லாவை அவள் அம்மா தூக்கி வந்தாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த வயது. இழுப்பு வாசலிலேயே கேட்டது. ஊசி போட்டு பெஞ்சில் உட்காரவைத்தேன். சற்று நேரத்தில் சத்தம் நின்றது. தேவலை என்று அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

அந்த அம்மா மேசையருகே வந்தாள்.

"சத்தம் அடங்கிருச்சுங்க சார். ஆனா தண்ணி வேணுமான்னு கேட்டா வாயத் தொறந்து பேச மாட்டேங்கறா."

களைத்துத் தூங்குவாள், விடுங்கள் என்றேன்.

தூக்கமா அது? இரு கையையும் பெஞ்சில் ஊன்றிக்கொண்டு எந்தக் குழந்தை தூங்கும்! காற்று போய்வந்தால்தானே நெஞ்சு சத்தம் போடும்... முற்றும் அடைத்துக்கொண்டால் அமைதிதான். இதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன். சட்டையை விலக்கி, விலாவுக்கிடையே சதை உள்ளே இழுபடுவதைப் பார்த்திருக்கலாம். ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருக்கலாம். ஆக்சிஜன் பக்கத்து அறையில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவே இல்லை!

மறுபடி அவள் கூப்பிட்டபோது குழந்தையின் உதடு நீலம். அதன் பிறகு எல்லாம் செய்தேன்... பயனில்லை.

வராந்தா முழுவதும் என்னையே பார்த்தது. பயந்துபோனேன். அந்தப் பயத்தில் கேட்டேன்:

"ஏம்மா, முன்னாடியே கொண்டுவரக் கூடாதா?"

முதல் பஸ்ஸில் வந்தவள் அவள்! ஆனாலும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கிளம்பியது தன் தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். புருஷனும் அதையே சொல்லி அவளை அடித்தானாம். நர்ஸ் வந்து சொன்னார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மறு வருஷம் கைக்குழந்தையோடு வந்தாள். வெறும் சளி. பஸ்ஸுக்குக் காத்திருக்க மனமில்லாமல் ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தாள். அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"இப்ப நேரத்துக்குக் கொண்டாந்துட்டனுங்களா சார்?"

நீங்களாக இருந்தால் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருப்பீர்கள்...

ஆமாம் என்றேன். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.