வெந்நீரில் போன காலர்

அந்த ரோமக் காலரை முதன்முதலில் தொட்டபோது என் விரல் உள்ளே போய்க் காணாமல் போயிற்று. மேலே முரட்டு மயிர். அடியில் பஞ்சைவிட மெத்தென்று இன்னொரு மயிர். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது இது. பல்லாவரத்தில் தோல் ஜாக்கெட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு வேலை போய், என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. காலர்களை, ஜாக்கெட் வாங்கும் வெளிநாட்டுக்காரரே எண்ணி அனுப்புவார். உபரியாக ஒன்றுகூட இருக்காது.

"முயல்தானே மாஸ்டர்?" என்று தையல் மாஸ்டரைக் கேட்டேன். தலைமுறை தலைமுறையாகத் தோல் வேலை பார்த்த குடும்பம் அவருடையது.

"எலிம்மா. பூனை சைஸ் எலி."

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். எங்கோ குளிர்நாட்டுச் சதுப்பில், நாணலுக்கு நடுவே நீந்தி, கரையில் வளை தோண்டி வாழும் பிராணியாம்.

"நம்ம பள்ளிக்கரணை மாதிரி எடத்துல கீதாம். நாள் முச்சூடும் தண்ணில கெடந்தாலும் ஒடம்பு நனையாதாம். மழை வந்தா நம்ம ஏரியா ஜனத்துக்கு அந்தத் தோல்தான் வோணும்" என்றார். எதைச் சொன்னாலும் மனிதரோடு முடிச்சுப் போட்டுத்தான் சொல்வார்.

சரக்கு கிளம்பும் நாளன்று காலை, என் டீ ஒரு காலர்மேல் கொட்டிவிட்டது. மேஜைக்கு டீ கொண்டுவந்தாலே வேலை போய்விடும். மாஸ்டர் பார்த்தார். "தண்ணிலயே பொறந்து வளந்தது. அதுக்குத் தண்ணி இன்னா பண்ணிடும்?" என்று வெந்நீர் பிடித்து அலசினார்.

கண்ணெதிரே அது சுருண்டது. உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி ரப்பர்போல விறைத்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உசுரோட இருந்தப்பதான் அதுக்குத் தண்ணி. தோலுக்குச் சுடுதண்ணி ஆவாதுன்னு எங்க வூட்டுக் கொழந்தைக்கும் தெரியுமேம்மா."

மேனேஜர் சார் வந்தார். "யார் பண்ணது?"

"நான்தான் சார், சுடுதண்ணில போட்டேன்."

"எதுக்கு?"

மாஸ்டர் அந்தக் காலரைத் தன் மேஜைமேல் வைத்தார்.

"உங்க கத்திரிய எடுத்துக்குங்க" என்றார் சார்.

பதினாறு வருஷ வேலை. அவ்வளவுதான்.

இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். கோவிலம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்கிறேன். டீ என்னுடையது என்று சொல்ல அன்று வாயைத் திறந்தேன். மாஸ்டர் கத்திரியைத் துணியில் சுற்றிக்கொண்டே, "பட்டனப் பாரும்மா, சரக்கு கெளம்பணும்" என்றார். உட்கார்ந்து ஊசியை எடுத்தேன். முதல் தடவையிலேயே நூல் ஊசிக்காதில் நுழைந்துவிட்டது.