பெயர் சொல்லாத மலை

சுனாபட்டியில் மனைவியோடு லோக்கல் ரயிலேறிய அந்தக் குட்டையான, நரைத்த மீசைக்கார மெக்கானிக், கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடித்தார். சுத்தம் பார்க்கிற ஆள் என்று நினைத்துச் சிரித்தேன்.

"அதுக்கில்ல சார். தென்துருவத்துல ஒரு வருஷம் ஜெனரேட்டர் பார்த்தேம்லா! அங்க வெறுங்கையால இரும்பைத் தொட்டா தோலு ஒட்டிக்கிட்டு உரிஞ்சிரும். அந்தப் பழக்கம் இன்னும் போகல" என்றார்.

இதற்காகவே காத்திருந்ததுபோல் மனைவி ஆரம்பித்தார். "பனிப்புயல் நின்னதும் புகைக்குழாயைச் சரிபண்ணக் கூரை மேல ஏறுனாவ. அங்கேருந்து பார்த்தா, மேப்புலயே இல்லாத மலை! சயின்டிஸ்டுக எல்லாரும் சேர்ந்து இவுக பேரையே அதுக்கு வச்சிட்டாவ."

"மலைக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

அவர் கூச்சத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவியைப் பார்த்தேன்.

"நல்லா கேட்டிய போங்க! கட்டுனவுக பேரை நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

அதற்குள் செம்பூர் வந்துவிட்டது. மனைவி முதலில் இறங்கிவிட்டார். இவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். பிளாட்பாரத்திலிருந்து குரல் வந்தது:

"ஏ மலைக்காரரே! ஜல்தி இறங்குங்க!"

கைக்குட்டையைக் கம்பியிலிருந்து உருவிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, மலைக்காரர் இறங்கி ஓடினார். உலகத்தின் அடியில் நிற்கிற அந்த மலையின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அம்மாள் மட்டும் அதை ஒருநாளும் சொல்லப்போவதில்லை.