ஒன்பது சொன்ன கை

கொச்கோர்பாய் எடுத்த எடுப்பில் உண்மையான எண்ணைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் தோக்மோக் ஊரின் ஞாயிற்றுச் சந்தையில் ஆட்டுத் தரகு பார்த்த மனிதர். முதலில் சொல்கிற எண்ணே நிஜ எண்ணாக இருந்தால் அவர் பிழைப்பு என்னாவது?

நானும் தோக்மோக்காரிதான். சின்ன வயதில் அப்பாவோடு ஆடு ஓட்டிக்கொண்டு அந்தச் சந்தைக்குப் போவேன். கொச்கோர்பாய் விற்பவர் கையையும் வாங்குபவர் கையையும் பிடித்து ஒன்றாகச் சேர்த்து, தோள் கழன்றுவிடும்போலக் குலுக்குவார். குலுக்கக் குலுக்க விலை ஏறும், இறங்கும். வாய் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லும். பிடிக்காத விலைக்குக் கை தொளதொளவென்று கிடக்கும், பிடித்த விலை வந்தால் தானாக இறுகும். இறுகியதும், நல்லதாகட்டும் என்ற பொருளில் ‘பரக்கத்’ சொல்லி உடனே கையை விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டே நின்றால் மனசு மாறிவிடும் என்பார்கள்.

தலைநகர் பிஷ்கெக்கில் நான் நர்ஸாக இருக்கும் வலிப் பிரிவுக்கு அவர் வந்தது போன அக்டோபரில். கணையத்தில் புற்றுநோய், ஈரல்வரை பரவிவிட்டது. அவருக்கு அது தெரியாது. அதாவது, தெரியக்கூடாது என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அவர் மனைவி சைக்கால் முதல் நாளே என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

“வயித்துல புண்ணுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம், சூரா. நீயும் அதையே சொல்லிரும்மா. தெரிஞ்சா மனுசன் அன்னிக்கே இடிஞ்சு உட்கார்ந்துருவாரு.”

“சரி அண்ணி” என்றேன். எத்தனையோ பேரிடம் சொன்ன பொய்தான், ஒன்று கூடினால் என்ன என்று நினைத்தேன்.

இரண்டு மாதமாக அவர் படுத்ததே இல்லை. மல்லாந்தால் வலி முதுகைத் துளைக்கும். தலையணையை வயிற்றோடு அணைத்துக் குனிந்து, உட்கார்ந்தபடியே தூங்குவார். மார்ஃபின் மாத்திரை வலியில் பாதியைக் குறைத்தது, ஆளையும் பாதியாக்கிவிட்டது. எந்நேரமும் கிறக்கம்.

டாக்டர் பெகிமாய் வழியைச் சொன்னாள். வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஒரு நரம்புக் கொத்து இருக்கிறது. இந்த வலி அதன் வழியாகத்தான் மேலே போகிறது. எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே முதுகிலிருந்து நீள ஊசியை இறக்கி, அங்கே ஆல்கஹாலை விட்டால் நரம்பு செத்துவிடும். சில மாதங்களுக்கு வலி அடங்கியிருக்கும். முதலில் மரத்துப்போகிற மருந்தை விட்டுச் சோதனை, பிறகுதான் ஆல்கஹால்.

“முப்பது வருசமா ஒரு சொட்டு தொட்டதில்ல டாக்டரம்மா. இப்ப முதுகு வழியா ஊத்தப் போறீங்களா?”

“வாய் வழியா ஊத்தினா நரம்பு சாகாது ஐயா, ஆளுதான் சாவான்” என்றாள் அவள். அவரும் சிரிக்கப் பார்த்தார், வயிறு விடவில்லை.

“சரி, பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாது. உங்க வலிக்கு எத்தனை?”

“மூணு.”

“நேத்து?”

“அதுவும் மூணுதான் இருக்கும்.”

நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. பெகிமாய் பேனாவை மூடினாள். “மூணுக்கெல்லாம் இந்த ஊசி போட முடியாது ஐயா. ரத்த அழுத்தம் விழும், அபூர்வமா கால்கூட விளங்காம போகும். செவ்வாய்க்கிழமைக்கு வேற ஆளைப் போட்டுடறேன்.”

எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியே வீட்டுக்குப் போனால் மிச்ச நாளெல்லாம் குனிந்தபடியேதான்.

“டாக்டர், ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு அவரிடம் கையை நீட்டினேன். “அண்ணே, கையைக் கொடுங்க.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ யாரு பொண்ணு?”

“ஆட்டுக்கார சாதிபெக் பொண்ணு.”

கையைக் கொடுத்தார். நான் குலுக்கினேன். “மூணு.” கை தொளதொளவென்று கிடந்தது. “சரி, அஞ்சு. என்ன அண்ணே, அஞ்சுகூட போதாதா? ஏழு.”

“ஏழுக்குக் கிழட்டுக் கிடாகூட வராது” என்று முனகினார்.

“எட்டு.” அசையவில்லை. “ஒன்பது” என்றேன். என் விரல் எலும்பு நொறுங்குவதுபோல அவர் கை இறுகியது. கண்ணில் தண்ணீர் நின்றது. ‘பரக்கத்’ சொல்லிக் கையை விட்டேன். பெகிமாய் பேனாவைத் திறந்து ஒன்பது என்று எழுதினாள்.

“அப்புறம் ஏன் ஐயா மூணுன்னீங்க?”

“எடுத்த எடுப்புலயே ஒன்பதுன்னுட்டா, அதுக்கப்புறம் பேச என்ன இருக்கு டாக்டரம்மா?”

செவ்வாய்க்கிழமை சோதனை ஊசி போட்டோம். ஒரு மணி நேரம் கழித்துப் பெகிமாய் கேட்டபோது “எட்டு” என்றார். மல்லாந்து படுத்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு எட்டு என்கிறார் மனிதர். அவள் முகம் வாடிவிட்டது. நான் குனிந்து காதருகே கேட்டேன்.

“நெஜத்தைச் சொல்லுங்க அண்ணே.”

“குறைஞ்சிருச்சுன்னா, இது போதும்னு வீட்டுக்கு அனுப்பிருவாங்கல்ல?”

“உங்க சந்தை வழக்கம் இங்க செல்லாது. பாதிக்கு மேல குறைஞ்சாதான் அந்த நெஜ ஊசியே போடுவாங்க.”

“இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று என்னையே திட்டிவிட்டுக் கையை நீட்டினார். இந்த முறை இரண்டில் இறுகியது. வியாழக்கிழமை ஆல்கஹால் இறக்கினார்கள்.

அதன்பின் ஆறு மணி நேரம் நெடுஞ்சாண்கிடையாகத் தூங்கினார். எழுந்து ஆட்டுச் சூப் கேட்டு அரைக் கிண்ணம் குடித்தார். சைக்கால் பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் போய், படுத்துத் தூங்கினார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் சைக்கால் மருந்து வாங்கப் போயிருந்தார். கொச்கோர்பாய் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

“இப்ப நான் கேக்கறேன், தங்கச்சி. கையைக் கொடு.”

“என்னண்ணே?”

“புண்ணுங்கறா சைக்கால். புண்ணுக்கு யாரும் நரம்பைச் சாகடிக்க மாட்டாங்க. அது எனக்கு எப்பவோ தெரியும். எத்தனை நாள்னு மட்டும்தான் தெரியல.”

“அதை டாக்டர்கிட்ட கேளுங்க.”

“டாக்டரம்மா கைக்குப் பேரம் தெரியாது.”

நான் கையைக் கொடுக்காமல் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கையிலிருந்து ஒன்பதையும் இரண்டையும் வாங்கிய பிறகு, என் கையை மட்டும் எப்படிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வது? கொடுத்தேன். பழைய மாதிரியே தோள் குலுங்கக் குலுக்கினார்.

“அடுத்த வருசம் முதல் பனி விழுறவரைக்கும்.”

என் கை சும்மா கிடந்தது.

“ஆடு மலைக்கு ஏறுற மே மாசம்.”

ஜன்னலைப் பார்த்தேன்.

“ஆடு குட்டி போடுற காலம். மார்ச்சு.”

சைக்காலுக்குக் கொடுத்த வாக்குக்காக வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன். விரல்கள் தாமாக இறுகின.

“பரக்கத்” என்றார்.

பேரம் முடிந்துவிட்டது. உடனே கையை விட வேண்டும், அதுதான் வழக்கம். அவர் விடவில்லை. சைக்கால் மருந்துப் பையோடு கதவைத் திறக்கும்வரை அவரும் விடவில்லை, நானும் இழுத்துக்கொள்ளவில்லை.