இரவல் போன பல்செட்

பேருந்து நிலையத்துக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்புகிறது, எது இன்றைக்கு வரவே போவதில்லை என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அவள் வேலை. எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் மைக் அக்காதான். அந்த அறையில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு மைக், இடமும் வலமுமாகத் தலையை ஆட்டும் ஒரு விசிறி. அங்கே ‘மாட்டேன்’ என்று தலையாட்டத் தெரிந்தது அந்த விசிறி ஒன்றுக்குத்தான்.

மைக் அக்காவுக்கு ஈறு கெட்டு, பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. பல் டாக்டர் மேலும் கீழுமாக ஒரு பல்செட் செய்து கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு அவள் செய்த முதல் அறிவிப்பைக் கேட்டு, ஓடிக்கொண்டிருந்த பயணிகள் நின்றுவிட்டார்கள். துவைத்துக் காயப்போட்ட துணிபோல ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, பளிச்சென்று வந்தது. அறிவித்த அழகில் மயங்கி வேறு வண்டியில் ஏறி, போகவேண்டிய ஊருக்கு நேரெதிர்த் திசையில் போய் இறங்கிய ஒரு மனிதர், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டு குடியிருக்கிறார். நம்பிக்கை இல்லையென்றால் அவரையே போய்க் கேளுங்கள். வண்டியை மட்டும் பார்த்து ஏறுங்கள்.

முதலில் கேட்டது பெரியக்கா. கூடப்பிறந்தவள், ஒரே வீட்டில் இருப்பவள், அவளுக்கும் வாய் காலி.

“ஏண்டி, ஒரு விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. வெறும் வாயோட போய் உக்காந்தா கஞ்சியைக் குடுத்து அனுப்பிடுவாங்க. உன்னோடதைக் குடேன், சாப்பிட்டு வந்து கழுவிக் குடுத்துடறேன்.”

முகத்தைச் சுளிக்காதீர்கள். வெந்நீரும் பிரஷ்ஷும் எதற்கு இருக்கின்றன? ஒரு வீட்டுக்குள் சீப்பு கைமாறுவதில்லையா? அக்கா தங்கை இருவருக்கும் அப்பாவின் தாடை, கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது.

மைக் அக்காவின் தொல்லை என்னவென்றால், அவளுடைய மரியாதை. ஒருவர் ஒரு பொருளைக் கேட்கும்போது, அதே பொருளை வாயில் மாட்டிக்கொண்டு அவருக்குப் பதில் சொல்வது, பசித்தவர் எதிரில் உட்கார்ந்து மென்று தின்பதுபோல அவளுக்குத் தோன்றும். அதனால் முதலில் கழற்றிவிடுவாள். ‘முடியாது’ என்பதைக் கழற்றிய பிறகு சொல்லலாம் என்பது அவள் திட்டம். ஆனால் கழற்றியதும் கன்னம் இரண்டும் உள்ளே போய்விடும். வெட்கத்தில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வாள். வாயைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறவளைப் பார்த்தால், ‘ஐயோ, இதுக்கெல்லாம் கேக்கணுமா, எடுத்துட்டுப் போங்க’ என்று சொல்வதுபோலவே இருக்கும். எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அடுத்தவர் நிலைய மேலாளர். அவருக்கும் ஒரு செட் இருந்தது. ஓடுகிற வண்டியின் ஜன்னலோரம் உட்கார்ந்து தும்மியதில் அது வயல்வெளியில் எங்கேயோ இறங்கிக்கொண்டது. “புதுசு செஞ்சுக்கணும், செஞ்சுக்கணும்னுதான் இருக்கேன். நேரம் எங்க கிடைக்குது?” என்பார். மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் கண்ணாடி அறைக் கதவைத் தட்டி, “ஒரு கால்மணி நேரம்மா, கைகுலுக்கற வரைக்கும்” என்பார். அப்பாவின் தாடை அவருக்கு எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் வாய்க்கும் அது பொருந்தியது. பல் டாக்டரே விஷயம் கேள்விப்பட்டு, அந்த அளவை மறுபடி எப்படிச் செய்வதென்று தெரியாமல், “ஒரு நாள் இரவல் குடுங்க, பார்த்துட்டுத் தரேன்” என்று வந்து நின்றார். கொடுத்தாள்.

மாடி வீட்டு டீச்சர் கேட்டதுதான் உச்சம். டீச்சருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட விழவில்லை. அவளுக்குக் கொட்டை வகைகள் பிடிக்கும். உடைத்து உடைத்துத் தன் பல் தேய்ந்துவிடுமே என்று கவலை. மைக் அக்காவின் பல்செட்டைக் கையில் பாக்குவெட்டிபோலப் பிடித்துக்கொண்டு, டப்டப்பென்று கொட்டைகளை உடைத்துக் கிண்ணத்தில் போட்டுத் தின்றாள்.

“உங்க வீட்டுல சுத்தியல் இல்லையா டீச்சர்?” என்று பெரியக்காவே கேட்டாள்.

“இருக்கே. அதை இரவல் குடுத்திருக்கேன்.”

இதுவரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஊர் சுற்றிய பல்செட் வெறுங்கையோடு திரும்பி வரவில்லை. போன வாய்களின் பழக்கத்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தது. பெரியக்காவிடமிருந்து வந்த நாளில், கண்ணாடி டம்ளரில் தண்ணீருக்குள் கிடந்தபடியே நறநறவென்று கடித்துக்கொண்டிருக்கும். மேலாளரிடமிருந்து வந்தால், தொலைபேசி மணி அடித்தவுடன் தானாக இளிக்கும். டீச்சரிடமிருந்து வந்தால், கண்ணில் படும் உருண்டையான எதையும் கடிக்கப் பார்க்கும். மைக் அக்காவின் சட்டைப் பொத்தான்கள் அப்படித்தான் போயின.

அறிவிப்பிலும் அது தெரிய ஆரம்பித்தது. ஒரு காலை நேரம், மூன்றாம் மேடையை நோக்கிக் கூட்டம் ஓடுகிறது. ஒலிபெருக்கியில் பெரியக்காவின் ஏச்சு வருகிறது: “ஓடாதீங்க! ஓடிப்போய் என்னத்தைக் கிழிக்கப் போறீங்க? வீட்டுல சீக்கிரம் கிளம்பியிருந்தா இந்த ஓட்டம் எதுக்கு?” கூட்டம் அப்படியே நின்று, தலையைக் குனிந்துகொண்டு நடந்தது. மறுநாள் மேலாளரின் குழைவு: “நாலாம் மேடை வண்டி கிளம்புமா கிளம்பாதான்னு நான் எப்படிங்க சொல்றது? மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்றேனுங்க.” மைக் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். வாய் பொத்திய பிறகும் விரலிடுக்கு வழியாக அது இளித்துக்கொண்டிருந்தது.

இந்த லட்சணத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. எல்லாப் பேருந்து நிலையங்களுக்கும் ஒரே குரலைப் பதிவு செய்து வைக்கப் போகிறார்களாம். குரல் தேர்வுக்கு அதிகாரி அம்மா நேரில் வருகிறாராம். தேறினால் மைக் அக்காவின் குரல் ஊரூராக ஒலிக்கும். அவளும் அதே நாற்காலியில் இருந்து புதுப்புது அறிவிப்புகளைப் பதிவு செய்து தருவாள். தேறாவிட்டால் கண்ணாடி அறையை இழுத்துப் பூட்டிவிட்டு, அவளைப் பின்கட்டில் இருக்கும் கேட்பாரற்ற பெட்டிகள் அறைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே பேச்சுத் துணைக்குப் பூட்டிய பெட்டிகள்தான். சாப்பாடில்லாமல்கூட இருந்துவிடுவாள், பேச்சில்லாமல் மைக் அக்கா இருக்கமாட்டாள்.

“நாளைக்குக் காலைல எனக்கு ரொம்ப முக்கியமான நாள்க்கா” என்று வீட்டில் ஆரம்பித்தாள்.

“எனக்கும்தாண்டி! எங்க பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் எல்லாரும் சேர்றோம். போட்டோ எடுக்கறாங்க. நீ பேசி முடி, நான் அங்கேயே வந்து வாங்கிக்கறேன். உனக்கு அலைச்சல் வேண்டாம் பாரு.”

பார்த்தீர்களா, எவ்வளவு கரிசனம்!

விடிந்தது. கண்ணாடி அறைக்கு வெளியே பெரியக்கா, புதுப்புடவையில், வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் மடியில் ஒரு கொட்டைப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு டீச்சர். “நான் அவசரப்படுத்தலை. நீங்க போட்டோவை முடிச்சுட்டு வாங்க, நான் நிக்கறேன்” என்கிறாள். வரிசையைக் கண்டால் ஜனங்கள் சும்மா போகமாட்டார்கள் அல்லவா, என்னவோ தருகிறார்கள் என்று நினைத்து இரண்டு பயணிகளும் பின்னால் நின்றுகொண்டார்கள்.

அதிகாரி அம்மா வந்தாயிற்று. காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் நிற்கிறார். வரவேற்க வேண்டிய மேலாளர் அவருக்கு ஒரு பூங்கொத்தை நீட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், ‘இதோ வந்துட்டேன்’ என்று விரலைக் காட்டிவிட்டு, கண்ணாடி அறைக்குள் பாய்ந்தார்.

“அம்மா, சீக்கிரம்! வரவேற்புரை மட்டும்! ரெண்டே வரி! நீங்க அப்புறம் பேசிக்கலாம்!”

“சார், இப்ப என் தேர்வு...”

“உங்க தேர்வைப் பத்தி நான் நல்லபடியா சொல்லி வைக்கறேம்மா. அதுக்குத்தானே பல்லு கேக்கறேன்!”

மைக் அக்காவின் கை பழக்க தோஷத்தில் வாய்க்குப் போனது. கட்டைவிரல் மேல்வரிசையைத் தொட்டுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியக்கா, ‘அவருக்குக் குடுத்தா எனக்கு எப்போ?’ என்று கையால் கேட்கிறாள். டீச்சர் பொட்டலத்தை உயர்த்திக் காட்டுகிறாள். மேசைமேல் விசிறி, இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை வருஷமாகவோ அவள் முகத்துக்கு நேரே அதையேதான் செய்துகொண்டிருக்கிறது. அன்றைக்குத்தான் அவள் அதைப் பார்த்தாள்.

கையை இறக்கினாள். பல்லோடு, வாயோடு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் என்ன சொல்வது? பல்லைக் கழற்றாமல் ஒருவருக்கு மறுப்புச் சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை. வாயைத் திறந்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விதத்தில் அது வெளியே வந்தது. இறக்கிய கை மைக் பொத்தான்மேல் விழுந்திருந்தது என்பதை அவள் கவனிக்கவில்லை.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்றது பேருந்து நிலையம் முழுவதும். “நிலைய மேலாளர் அவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் பல்செட் இன்று அவர் வாய்க்கு வந்து சேராது. பழைய மாணவிகள் சந்திப்புக்குச் செல்ல வேண்டிய அதே பல்செட், இன்றும் நாளையும் இனி எந்நாளும் இங்கிருந்து புறப்படாது. மாடி வீட்டு டீச்சர் அவர்கள், தங்கள் கொட்டைகளுக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். நன்றி.”

ஒரு சொல்லில்கூட நறநறப்பு இல்லை; குழைவு இல்லை. அத்தனையும் மைக் அக்காவின் சொந்தக் குரல்.

விசாரணைக் கவுண்ட்டரில் ஒருவர், “சார், அந்தப் பல்செட் எந்த மேடைங்க?” என்று கேட்டது மட்டும் கேட்டது.

மேலாளருக்கு அதிர்ச்சியாகக்கூட இல்லை, வண்டி ரத்து என்று கேட்ட பயணியைப்போல, ‘அப்படியா, சரி’ என்று தலையாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். அதுதான் ஆச்சரியம். டீச்சர் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு, “சிரமத்துக்கு வருந்தறாங்களே, பாவம்” என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். வரிசையில் சும்மா நின்ற இரண்டு பயணிகளும்கூட முணுமுணுக்காமல் கலைந்தார்கள்.

மைக் அக்கா நாற்காலியில் சரிந்தாள். கேட்பாரற்ற பெட்டிகள் ஒவ்வொன்றும் அவள் கண் முன்னால் வந்து நின்றது.

அதிகாரி அம்மா ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“ஏம்மா, எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கீங்க?”

“மன்னிச்சுடுங்கம்மா, அது தேர்வு இல்ல. நான் இப்பப் பேசறேன்...”

“இனிமே எதுக்குப் பேசணும்? நம்ம வண்டி பாதி நாள் வராது. இருக்கறதைச் சொல்ல ஆயிரம் குரல் கிடைக்கும். வராதுன்னு சொன்னா எல்லா ஊர்லயும் ஜனங்க கவுண்ட்டர் கண்ணாடியை உடைக்கறாங்க. நீங்க ‘எந்நாளும் புறப்படாது’ன்னு சொல்றீங்க, அந்த மனுஷர் ‘சரி’ன்னு போறாரு! எனக்கு வேண்டியது இந்தக் குரல்தான்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “என் நாத்தனார் என் காரைக் கேட்டுட்டே இருக்காங்க. அதுக்கும் ஒரு அறிவிப்பு...”

“அலுவலக வேலைக்கு மட்டும்தாம்மா” என்றாள் மைக் அக்கா. பல்லோடு. இரண்டாம் முறை எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

பெரியக்கா? கோபித்துக்கொண்டு வெறும் வாயோடுதான் சந்திப்புக்குப் போனாள். போய்ப் பார்த்தால் வந்த மாணவிகளில் ஒருத்திக்கும் பல் இல்லை. ஒருத்தி மட்டும் பல்செட் போட்டுக்கொண்டு வந்து, தனியாகத் தெரிகிறதே என்று வெட்கப்பட்டு, கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாளாம். அந்தப் புகைப்படத்தில் அத்தனை பேரும் அன்று பிறந்த குழந்தைகள்போலச் சிரிக்கிறார்கள்.

இருந்தாலும் ரோஷம் விடவில்லை. பல் டாக்டரிடம் போய்ப் பெரியக்கா தனக்கென்று ஒரு செட் செய்துகொண்டாள். அது வந்த மறுநாளே மாடியிலிருந்து டீச்சர் இறங்கி வந்தாள், பொட்டலத்தோடு.

பெரியக்கா சமையலறைக்கு ஓடி வந்தாள்.

“அடியே, அந்த டீச்சர் வந்து நிக்கறா! எனக்கு அந்த மாதிரி மரியாதையா சொல்ல வராது, நான் வாயைத் திறந்தா சண்டைதான். அந்த ‘கனிவான கவனத்திற்கு’ இருக்கே, அதை ஒரே ஒரு தடவை எனக்காக வந்து சொல்லிட்டுப் போயேன்!”

மைக் அக்கா ஆப்பிள் ஒன்றை நிதானமாகக் கடித்து, மென்று, விழுங்கினாள்.

“அது என்னோடதுக்கா. இரவல் கிடையாது. வேணும்னா நீயே ஒண்ணு செஞ்சுக்கோ.”

பெரியக்கா நறநறவென்று பல்லைக் கடித்தாள். இந்த முறை சொந்தப் பல்.