தேயிலைச் சரிவில் ஒளிய இடமில்லை

தேவநேசன் சாரின் மனைவி ரூத் அக்கா போனில் அழவில்லை. "சார் போயிட்டாருங்க மேடம். காபி கேட்டாரு, போட்டுட்டு வர்றதுக்குள்ள..." என்றவர், நான் வாய் திறக்கும் முன்பே அடுத்ததையும் சொன்னார்: "பாஸ்டர் அடக்கத்துக்கு வருவாரான்னு தெரியலைங்க." குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஊட்டி பஸ்ஸில் ஏறப் போனவள் அப்படியே திரும்பிவிட்டேன். சாவுச் செய்தியைவிட அந்த இரண்டாவது பேச்சுதான் அன்று முழுக்க என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

தேவநேசன் சாரும் நானும் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் சண்டை போட்டவர்கள். அவர் அமெரிக்க இலக்கியம் நடத்துவார். கடல் கடந்து வந்து காட்டோரம் குடியேறி, வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரையே இறுக்கிப் பிடித்த பியூரிட்டன்களைப் பற்றிய பழைய நாவல்கள். நான் கோயிலுக்கே எப்போதாவது போகிறவள். அவரோ சினிமா பார்க்காத, நகை போடாத, பூ வைக்காத ஒரு சின்ன ஜெபவீட்டின் விசுவாசி. "உங்க ஆளுங்களைத் திட்டுற கதையை நீங்களே எப்படி சார் நடத்துறீங்க?" என்று சீண்டுவேன். "வேற யாராச்சும் நடத்தினா அவங்களைப் பூச்சாண்டி ஆக்கிருவாங்க மேடம்" என்பார்.

இதை வாசிக்கிற அவருடைய பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். காடு என்றால் பாவம், வெயில் என்றால் அருள், பூ என்றால் ஆசை என்று நோட்ஸில் இருப்பதை அப்படியே எழுதினால் மார்க் போட மாட்டார். ஒருமுறை வகுப்பையே சோலைக்காட்டின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். பிள்ளைகள் அட்டைக்குப் பயந்து காலைக் காலை உதறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் இருட்டாகச் சோலை, மறுபக்கம் மட்டமாக வெட்டிக் கவாத்து செய்த தேயிலை. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவருடையது. சேரம்பாடியில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர், அம்மா கொழுந்து பறித்தவர். தேயிலையைக் காட்டிச் சொன்னார்: "இதை இடுப்புக்கு மேல வளர விடமாட்டாங்க. எங்கம்மா குனிஞ்சாலும் நிமிந்தாலும் மேல ரோட்டுல நிக்கிற சூப்பர்வைசருக்குத் தெரியும். ஒதுங்கணும்னாலும் சரி, அழணும்னாலும் சரி, சோலைக்குள்ளதான் போவாங்க. அந்த அமெரிக்கா ஊரும் இப்படித்தான். காட்டுல பிசாசு இருக்குன்னு மட்டும் அவங்க பயப்படல. உள்ள போயிட்டா பக்கத்து ஊட்டுக்காரன் கண்ணு எட்டாதுன்னுதான் பயந்தாங்க." அந்த நாவல்களில் மனம்விட்டுப் பேச வேண்டியவர்களெல்லாம் ஏன் காட்டுக்குள் போகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அவருடைய ஜெபவீட்டைச் சேர்ந்த ஷீபா எங்கள் மாணவி. படிப்பு முடிந்ததும், சபைக்கு வெளியே ஒருவனை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஞாயிறு ஆராதனையில் அவளை முன்னால் நிறுத்தி, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அது அந்தச் சபையின் வழக்கம். அவள் பேச்சு வராமல் நின்றபோது, ஆண்கள் பக்கத்திலிருந்து சார் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். "யாரும் பாக்காதப்ப நான் செஞ்சதும் நெறைய இருக்குங்க பாஸ்டர். என்னையும் சேத்து நிறுத்திருங்க" என்றார். ரூத் அக்கா சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து திருவிருந்தில் அவருக்கு அப்பமும் திராட்சரசமும் இல்லை என்று ஆனது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மலையில் வேறு சபையே இல்லையா? ஆனால் அவர் ஞாயிறு தவறாமல் அங்கேயே போனார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பத் தட்டு அவரைத் தாண்டிப் போகும். "உங்களுக்கு ரோஷமே கிடையாதா சார்?" என்று கேட்டே விட்டேன். அவர் விடைத்தாளிலிருந்து தலை தூக்கவில்லை. "எங்கம்மா செத்தப்ப இவங்கதான் தூக்குனாங்க மேடம். அதுவுமில்லாம, நான் கோவிச்சுட்டு வெளிய போயிட்டா, அடுத்து நிறுத்துற புள்ளைக்குப் பக்கத்துல யாரு நிப்பா?" அந்தப் பதில் எனக்குப் போதவில்லை என்றேன். "போதாதுதான்" என்று சிரித்தார்.

அடக்கத்துக்குப் பாஸ்டர் வந்தார். சபைக்குப் பூ ஆகாது என்று மாலைகளை வாசலிலேயே வைக்கச் சொன்னார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன். கல்லறைத் தோட்டம் ஜெகதளா போகிற வழியில், சுற்றிலும் தேயிலை, ஒரு மரம்கூடக் கிடையாது. தூறலில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நின்றோம். பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார். மற்றவர்களுக்கு 'எங்கள் சகோதரனை' என்று தொடங்குகிறவர், சாருக்கு 'இந்த மனுஷனை' என்றார்.

"சகோதரன்னு சொல்லுங்க பாஸ்டர்" என்றார் ரூத் அக்கா. குரலை உயர்த்தவில்லை.

பாஸ்டர் வேதத்தைப் பார்த்தபடியே நின்றார். கூட்டத்தின் கடைசியிலிருந்து ஷீபா, இடுப்பில் குழந்தையோடு, எல்லார் கண்ணும் தன்மேல் இருக்க நடந்து வந்து அக்கா பக்கத்தில் நின்றாள். பிறகு வெள்ளைச் சேலை கட்டிய ஒரு வயதான அம்மா வந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர். சபைக்குச் சம்பந்தமே இல்லாத நானும், சேற்றில் செருப்பு வழுக்க, போய் நின்றேன். பாஸ்டர் எங்களைப் பார்த்தார்.

"எங்கள் சகோதரன் தேவநேசனை" என்று முதலிலிருந்து தொடங்கினார்.

அவருடைய வகுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. செத்த பிறகு கிடைத்த ஒரு சொல்லுக்காக அத்தனை ஞாயிறுகள் அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று வகுப்புக்குப் போகும் வழியெல்லாம் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே போகிறேன். அந்தச் சண்டையை நான் வைத்துக்கொள்கிறேன் சார். நிறுத்தப்பட்டவர் பக்கத்தில் போய் நிற்கிற உங்கள் பழக்கத்தையும்.