கொஞ்சம் அழுக்கு கொடுங்கள்

என் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ஆவியில் வைத்து எடுக்கிற வேலை. அங்கே துளி அழுக்கு தங்கினாலும் யாரோ ஒருவர் உயிருக்கு உலை வைத்த மாதிரி. சரி, ஆஸ்பத்திரியோடு விட்டாளா? வீட்டிலும் அதே கதைதான். டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அதைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். உள்ளே பாதி டீ இருந்தது என் தலையெழுத்து.

அப்படிப்பட்டவளிடம் போய் மீன் தொட்டியை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டுக்குப் படிக்கப் போனாள் அவள் மகள். தொட்டிக்குக் கண்ணாடி வெட்டி ஒட்டிக் கொடுத்தது நான்தான். கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மாமன் வேறு எதற்கு? கூழாங்கல், மரக்கட்டையில் வேர் பிடித்த செடிகள், சில கப்பி மீன்கள், ஒரு சின்ன ஃபில்டர். பெரிதாகப் பராமரிக்க ஒன்றும் இல்லை.

மகள் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். "அம்மா, நீ ஒண்ணும் செய்யாம இருந்தாலே போதும். ஒரு சிட்டிகை தீனி போடு, அப்பப்ப கொஞ்சம் தண்ணி மாத்து. ஃபில்டர் ஸ்பாஞ்சை மட்டும் கழுவிடாத. அந்த அழுக்குலதான் உசிரு இருக்கு. மீன் கழிவோட விஷத்தை அதுதான் முறிக்குது."

"சரிடி, எத்தனை தடவை சொல்லுவ" என்றாள் அக்கா.

மகள் போனதும் வீடு வெறிச்சோடிவிட்டது. என் அக்காவுக்கு அழ வராது; கழுவத்தான் வரும். திரைச்சீலைகளைத் துவைத்தாள், ஃபேனைத் துடைத்தாள், மகள் அறையையே அலசி விட்டாள். கழுவ வேறு எதுவும் மிஞ்சாத ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் கை வைத்தாள். கல்லை வெந்நீரில் அலசி, செடியைக் குழாயில் காட்டி, ஸ்பாஞ்சைக் கொதிக்கவே வைத்துவிட்டாள். பளபளவென்று ஆன தொட்டியைப் படம் எடுத்து எனக்கு வேறு அனுப்பினாள்.

சில நாளில் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்குப் போன் செய்தாள்.

"செத்துடும் போலிருக்குடா. புள்ள என்கிட்ட இது ஒண்ணுதான் கேட்டா."

நன்றாக நாலு கேட்கத்தான் வாயெடுத்தேன். அந்தக் குரலைக் கேட்டபின் மனசு வரவில்லை.

"அவளுக்கே போன் போடுக்கா."

"திட்டுவாடா."

"திட்டட்டும்."

மகள் கேட்ட முதல் கேள்வியே, "கழுவிட்டியா?" அப்புறம் திட்டவில்லை, பாவம். "பழைய தொட்டி வச்சிருக்கவங்ககிட்ட அழுக்கு ஸ்பாஞ்சு கேட்டு வாங்கி ஃபில்டர்ல போடும்மா. பாதித் தண்ணிய மாத்து" என்றாள்.

எங்களுக்குத் தெரிந்த பழைய தொட்டி பல் டாக்டர் கிளினிக்கில்தான் இருந்தது. அங்கே நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்காருகிற ஆள் என் அக்கா. என்னையும் கூட்டிக்கொண்டு போனவள், நேராக வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போய், "கொஞ்சம் அழுக்கு குடுங்கம்மா" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தேன். விஷயம் தெரிந்ததும் டாக்டரே சிரித்துக்கொண்டு தொட்டியில் இருந்து ஒரு ஸ்பாஞ்சை எடுத்துக் கொடுத்தார். கன்னங்கரேல் என்று சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீடுவரை நடந்தாள்.

இரண்டு மீன்கள் போய்விட்டன. மற்றவை மெல்ல மெல்லச் செடிகளுக்குள் இறங்கின. இப்போது தொட்டியின் பின்கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. "கை அரிக்குதுடா" என்பாள். ஆனால் தொடமாட்டாள்.

போன வாரம் போயிருந்தேன். மகள் அறையில் எல்லாம் பளிச்சென்று இருக்க, கதவுக்குப் பின்னால் மட்டும் ஒரு பழைய சட்டை தொங்கியது. மகள் ஊருக்குப் போகிற அன்று அவிழ்த்துப் போட்டது. கட்டிலுக்கு அடியில் பிறகுதான் கிடைத்ததாம். காலரில் வேர்வைக் கறை அப்படியே இருந்தது.

"என்னக்கா, இதை எப்படி விட்டு வச்ச?" என்று எடுக்கப் போனேன்.

பட்டென்று என் கையில் ஒரு அடி வைத்தாள்.

"தொடாத. அதுல உசிரு இருக்கு."